வால்வுக்கு மாறினால் காதில் விழுவது என்ன?

வீட்டு ஸ்டீரியோவில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை மாட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சொல்லிவைத்தாற்போல் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். பாடுகிறவர் ஸ்பீக்கரை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறாராம். அடித்தொனி கொழுகொழுவென்று இருக்கிறதாம். எவ்வளவு நேரம் கேட்டாலும் காது அலுக்கவே இல்லையாம்.

காகிதத்தில் கணக்குப் போட்டால் இந்த மாற்றம் சுத்த நஷ்டம். காசு பல மடங்கு, கிடைக்கும் வாட் பத்தில் ஒரு பங்கு. சாதாரண விலையில் கிடைக்கும் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒலியைத் திரிக்கும் அளவு 0.01 சதவீதத்தைத் தொடாது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வால்வுப் பெட்டி கூசாமல் ஒரு சதவீதம் திரிக்கும். போதாக்குறைக்கு அறையைச் சூடாக்கும், லேசாக ஹம் போடும், சில ஆயிரம் மணி நேரத்தில் வால்வு தேய்ந்து புதிதாக மாற்றச் சொல்லும். இருந்தும் மாறியவர்களில் பலர் திரும்பி வருவதில்லை.

இது வெறும் பிரமை என்று பொறியாளர்கள் ஒரு பக்கம் சிரிக்கிறார்கள். மீட்டரால் அளக்க முடியாத ஏதோ ஒன்று வால்வில் இருக்கிறது என்று ரசிகர்கள் மறுபக்கம் சத்தியம் செய்கிறார்கள். இரண்டு தரப்பும் பாதிதான் சரி என்பது என் கட்சி. பெரும்பாலான வீடுகளில் அந்த வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது. அதை மீட்டர் தாராளமாக அளந்தும் காட்டுகிறது. ஆனால் அதற்கான பாராட்டு போய்ச் சேர வேண்டிய இடம் ஒளிரும் கண்ணாடி இல்லை.

கண்ணாடிக்குள் நடப்பது

வால்வுக்குள் இருக்கும் சாமான்கள் கொஞ்சம்தான். நடுவில் மெல்லிய உலோகக் குழல் ஒன்று, அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளாலான வெள்ளைப் பூச்சு. இது கேத்தோடு. குழலுக்குள் ஹீட்டர் கம்பி. அதற்கு 6.3 வோல்ட் கொடுத்தால் கேத்தோடு சுமார் 700, 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிக் கேத்தோடைச் சுற்றி மேகமாக மிதக்கும். வெளிச்சுற்றில் பிளேட் என்ற தகடு இருக்கிறது. அதற்கு 300, 400 வோல்ட் பாசிட்டிவ் கொடுத்ததும் எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தைத் தாண்டி அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவே, இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றிய மெல்லிய கம்பிதான் கிரிட்.

எல்லா வேலையும் அந்தக் கிரிட்டில்தான். அதற்குச் சில வோல்ட் நெகட்டிவ் கொடுத்தால் எலெக்ட்ரான்களை எதிர்த்துத் தள்ளும். நெகட்டிவ் கூடினால் பாய்ச்சல் குறையும், குறைந்தால் கூடும். ஏரி மதகின் பலகையை ஓர் ஆள் தூக்கி இறக்கி வாய்க்கால் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதுபோல், பாட்டின் சின்ன மின் அலை கிரிட்டில் ஏறி இறங்கி பிளேட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது. பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

சூடான ஃபிலமென்ட்டிலிருந்து வெற்றிடத்தில் மின்சாரம் தாவுவதை எடிசன் 1880-களிலேயே தன் பல்புகளில் கண்டார். அதை என்ன செய்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. 1904-ல் இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் அதைக் கொண்டு ஒருவழி வால்வு செய்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பியை நுழைத்தார். பெருக்கும் வால்வு அங்கே பிறந்தது. தான் செய்த பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது டி ஃபாரஸ்ட்டுக்கே சரியாகப் புரியவில்லை என்பது வேறு கதை.

ஒரு வால்வைக் கையில் எடுத்தால் கண்ணாடியின் உச்சியிலோ பக்கவாட்டிலோ ரசம் பூசினாற்போல் ஒரு பளபளப்பு தெரியும். அழகுக்காகப் போட்டது இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய பிறகு, உள்ளே இருக்கும் சின்ன வளையத்திலுள்ள பேரியத்தைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அது கண்ணாடியில் படிந்து, மிச்சம் மீதி வாயு மூலக்கூறுகளை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் கெட்டர். எங்காவது கீறல் விழுந்து காற்று புகுந்தால் அந்த ரசம் பால் வெள்ளையாகிவிடும். பழைய வால்வு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உச்சி வெளுத்திருந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நம் நாட்டிலும் வால்வு செய்தோம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் ரேடியோ வால்வுகளை வரிசையாகத் தயாரித்தது. ‘பெல்’ முத்திரை போட்ட அந்தப் பழைய சரக்கை வெளிநாட்டு ஆர்வலர்கள் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

டிரான்சிஸ்டருக்கு வந்த கெட்ட பெயர்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கும் சக ஆய்வாளர் ஷாக்லிக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-களில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் டிரான்சிஸ்டருக்குத் தாவின. சூடு இல்லை, கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, சுவிட்ச் போட்டவுடன் பாட்டு. ஆனால் முதல் தலைமுறை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பல கேட்கச் சகிக்காதவையாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. ஒலி அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் தள்ளும். ஒன்றின் கையிலிருந்து மற்றதன் கைக்கு அலை மாறும் இடம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில். அங்கே இரண்டுமே ஒரு நொடித்துளி தூங்கிவிட்டால் அலையில் ஒரு சின்ன நொண்டல் விழும். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பார்கள். இதில் கொடுமை, சத்தம் குறையக் குறைய இந்த நொண்டல் விகிதத்தில் பெரிதாகும். வீட்டில் நாம் பெரும்பாலும் கேட்பது ஒரு வாட், இரண்டு வாட்டில்தான். முழுச் சக்தியில் அளந்து அச்சடித்த பிரமாதமான எண்ணுக்கும், ராத்திரி பத்து மணிக்கு மெதுவாக வைத்துக் கேட்கும்போது காதில் பட்ட கரகரப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. 1970-களில் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். கெட்ட பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரைச் சோதித்துப் பார்த்தவர் இங்கிலாந்தில் குவாட் ஆம்ப்ளிஃபயர்களை உருவாக்கிய பீட்டர் வாக்கர். அவருடைய நிறுவனத்தின் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் கைவசம் இருந்தன: 1953-ன் வால்வு ஆம்ப்ளிஃபயரான குவாட் 2, அறுபதுகளின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரான 303, 1975-ல் வந்த 405. ஜேம்ஸ் மாயர் என்ற ஒலிப் பொறியாளர் நடத்திய சோதனையில், பழுத்த காதுக்காரர்களை உட்காரவைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார்கள். சத்த அளவு மூன்றிலும் ஒன்றே. எந்த ஆம்ப்ளிஃபயரும் திணறும் அளவுக்கு வால்யூமைக் கூட்டவில்லை. முடிவு 1978-ல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வந்தது. கேட்டவர்களின் விடைகள், காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய விடைகளைவிட மேலாக இல்லை.

சோதனையின் நிபந்தனையைக் கவனியுங்கள். குவாட் 2 என்பது ஒலியில் எதையும் சேர்க்கக் கூடாது என்ற நோக்கத்தோடு வடிவமைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர். வெளியே வரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பி, பிழையைத் தானே கழித்துக்கொள்ளும் ஃபீட்பேக் உத்தி அதில் இருந்தது. பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக்குக்கு 1927-ல் வேலைக்குப் போகும் படகில் உதித்த யோசனை அது. ஆக, துல்லியமே குறி என்று ஒரு கெட்டிக்காரர் கட்டினால் வால்வின் சுவடே காதுக்குத் தெரியாது. அப்படியானால் இன்றைக்கு வால்வுக்கு மாறுகிறவர்கள் கேட்பது எதை?

மூன்று ஓம் செய்யும் வேலை

வால்வு அதிக வோல்ட், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் பிறவி. ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்ட், நிறைய மின்னோட்டம். சுமார் 3,200 ஓம் சுமையை எதிர்பார்க்கும் வால்வை 8 ஓம் ஸ்பீக்கரோடு நேரடியாகக் கட்டினால் அநேகமாக ஒன்றும் கேட்காது. நடுவில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 3,200-ஐ 8-ஆல் வகுத்தால் 400. அதன் வர்க்கமூலம் 20. முதல் சுற்றில் 20 சுற்றுக்கு இரண்டாம் சுற்றில் ஒரு சுற்று என்று காயில் கட்டினால் இரண்டும் பொருந்திவிடும். கேட்க எளிது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே சீராக இதைச் செய்ய வைப்பதுதான் பாடு. அடித்தொனிக்கு இரும்பு நிறைய வேண்டும், சுற்று நிறைய வேண்டும். சுற்று கூடக் கூட மேல்தொனி மழுங்கும். அதனால் காயிலைப் பல அடுக்காகப் பிரித்து, முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டுவார்கள். நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயரின் விலையில் கணிசமான பங்கும், தூக்கும்போது முதுகைப் பிடிக்கும் எடையில் பெரும் பங்கும் இந்த இரும்புக்குத்தான். கண்ணாடியைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் உண்மையில் காசு கொடுப்பது பின்னால் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். எந்த ஆம்ப்ளிஃபயரின் வாயிலிலும் உள்ளார்ந்த ஒரு தடை உண்டு. அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அது 0.05 ஓம் போல இருக்கும், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் 2, 3 ஓம் சர்வசாதாரணம். இந்த மூன்று ஓம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம்.

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று ஒட்டியிருப்பது ஒரு பேச்சுக்குத்தான். உள்ளபடி அதன் தடை சுருதிக்குச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் வோல்ட்டை அதன் வாயில் தடையும் ஸ்பீக்கரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வாயில் தடை 3 ஓம், ஸ்பீக்கர் 5 ஓம் என்றால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது எட்டில் ஐந்து பங்கு, அதாவது 62.5 சதவீதம். ஸ்பீக்கர் 30 ஓமாக இருக்கும் சுருதியில் 33-ல் 30 பங்கு, அதாவது 91 சதவீதம். இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு 3 டெசிபலுக்கும் மேல். இதே கணக்கை 0.05 ஓமுக்குப் போட்டால் வருவது 0.1 டெசிபல்கூட இல்லை. பழகாத காதுக்குக்கூட 3 டெசிபல் தெரியும். அது யாரோ டோன் கன்ட்ரோலைத் திருகியதற்குச் சமம்.

எந்த இடத்தில் திருகுகிறது? சாதாரண இருவழி ஸ்பீக்கரில் தடை மேடு தட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று, அடித்தொனிக் கூம்பு தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடும் இடம். பெட்டியைப் பொறுத்து 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வாக்கில். மற்றது, வூஃபரிடமிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. முதல் மேட்டில் அடித்தொனி உப்பும். கூம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயரின் பிடியும் மூன்று ஓமால் தளர்வதால் கொஞ்சம் குழைந்தும் போகும். இரண்டாவது மேடு, மனிதக் குரலின் தெளிவு குடியிருக்கும் இடம். அங்கே ஒன்றிரண்டு டெசிபல் ஏறினால் பாடகர் முன்னால் வந்து நிற்காமல் என்ன செய்வார்? கொழுத்த அடித்தொனிக்கும் ஓரடி முன்னால் வந்த குரலுக்கும் காரணம் இந்தப் பங்குபோடல்தான். தடை சீராக இருக்கும்படி கட்டிய வேறொரு ஸ்பீக்கரில் அதே வால்வு ஆம்ப்ளிஃபயரை மாட்டினால் மந்திரம் பாதி காணாமல் போய்விடும். ஒருவர் ஆகா என்று கொண்டாடும் ஆம்ப்ளிஃபயர் அவர் நண்பர் வீட்டில் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதைவிடப் பெரிதாகத் தேட வேண்டியதில்லை.

தம்புரா சொல்லும் கணக்கு

மூன்றாவது பாராட்டு பாக்கி இருக்கிறது: காது அலுக்கவில்லை என்பது. இங்கே டிஸ்டார்ஷன் என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆதார சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் அதைத் திரித்தால் அதன் மடங்குகள் முளைக்கும். இரண்டாம் மடங்கு 480, மேல்ஸ்தாயி சட்ஜம். மூன்றாவது 720, மேல் பஞ்சமம். நான்காவது 960, மறுபடியும் சட்ஜம். ஐந்தாவது 1,200, அந்தர காந்தாரம். தம்புராவைச் சுத்தமாகச் சேர்த்து மீட்டினால், எந்தத் தந்தியிலும் இல்லாத காந்தாரம் தானாக எழுந்து கேட்கிறதே, அந்தச் சுயம்பு காந்தாரம் இந்த ஐந்தாம் மடங்குதான். ஏழாவது மடங்கு 1,680. கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே, எதனோடும் ஒட்டாமல் நிற்கும். அதற்கு மேலுள்ள ஒற்றைப்படை மடங்குகளில் பலவும் இப்படித்தான், சுரத்தோடு சேராமல் கரகரக்கும்.

ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர் முளைக்கவைப்பது பெரும்பாலும் இரண்டாம் மடங்கை. சட்ஜத்தோடு மேல்சட்ஜம் கூடினால் காது அதைப் பிழை என்று சொல்லாது. குரல் கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கிறது என்றுதான் சொல்லும். போதாததற்கு, பலத்த ஒலி தனக்குச் சற்று மேலே இருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடுவது நம் காதின் சுபாவம். பக்கத்திலுள்ள இரண்டாம் மடங்கு அப்படி மறைந்துகொள்ளும். தூரத்திலுள்ள ஏழும் ஒன்பதும் மறைய இடமில்லாமல் வெளியே துருத்தும். அதனால் ஒரு சதவீதம் இரண்டாம் மடங்கு பாட்டுக்குள் கரைந்துபோகிறது. பழைய டிரான்சிஸ்டரின் நொண்டல் மிகச் சிறிய அளவிலேயே காதைக் குத்துகிறது. ஒலியை ஒரே சதவீத எண்ணால் மட்டும் எடை போட்ட விளம்பரங்கள் ரசிகர்களை ஏமாற்றியது இந்த இடத்தில்தான்.

1973-ல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மைக்குகளுக்கான பெருக்கிகளை அவற்றின் எல்லைக்கு மேல் திணறவைத்துப் பார்த்தார். வால்வில் இரண்டாம் மடங்கும், டிரான்சிஸ்டரில் மூன்றாம் மடங்கும் ஓங்கி நின்றன. தாங்க முடியாத உச்சம் வரும்போது ஃபீட்பேக் குறைந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வளைக்கும், ஃபீட்பேக் நிறைந்த டிரான்சிஸ்டர் கத்தி வைத்தாற்போல் வெட்டும். மிருதங்கத்தின் ஓர் அரைச் சாப்பு நொடிப்பொழுதுக்கு எல்லை தாண்டினால் வால்வில் அது தெரியாமலே கடந்துவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகள் ஒலித்தால், திரிக்கும் ஆம்ப்ளிஃபயர் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும்கூடச் சேர்த்து உமிழும். ஒரு குரல், ஒரு வீணை என்றால் இது பெரிதாகத் தெரியாது. முழு வாத்தியக் குழுவோடு வரும் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்தால் எல்லாம் குழைந்த சாதமாகிவிடும். வால்வுக் கடைகளில் டெமோ கொடுக்கும்போது எப்போதும் தனிக்குரலும் கிதாருமாகவே ஓடவிடுவது ஏன் என்று யோசித்ததுண்டா?

கார்வரின் பந்தயம்

மேலே சொன்னதெல்லாம் சரியென்றால், ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை வால்வுபோல் பாடவைக்க முடிய வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் பாப் கார்வர் 1985-ல் அதைத்தான் செய்தார். ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் ஆசிரியர்களுக்கு நேரடியாகச் சவால் விட்டார்: நீங்கள் விரும்பும் எந்த ஆம்ப்ளிஃபயரையும் கொடுங்கள், என் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை அதுபோலவே பாடவைக்கிறேன். அவர்கள் கொடுத்தது மிக விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்.

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் கார்வர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தார். அவருடைய முறை எளிமையானது. இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வித்தியாசம். அந்த மிச்சத்தை ஒரு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே, அது கரையும்வரை தன் ஆம்ப்ளிஃபயரில் தடைகளையும் கண்டென்சர்களையும் மாற்றிக்கொண்டே போனார். அவர் சேர்த்தவற்றில் முக்கியமானது அவுட்புட்டில் ஒரு தடை. டிரான்சிஸ்டருக்கு இல்லாத வாயில் தடையைச் செயற்கையாகக் கொடுத்தார். கடைசியில் மிச்சம் 70 டெசிபல் கீழே போனது. அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஸ்பீக்கரில், தங்களுக்குப் பழக்கமான இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டுவிட்டு, எது எது என்று பிரிக்க முடியவில்லை என்று தங்கள் இதழிலேயே எழுதினார்கள். பிறகு அவர் விற்பனைக்கு விட்ட மாதிரி அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்று அதே இதழ் குறை சொன்னது, அதில் சண்டையும் வந்தது. ஆனால் அன்றைக்கு மேஜையில் நடந்ததை யாரும் மறுக்கவில்லை.

1978-ன் சோதனையில் வால்வு டிரான்சிஸ்டராக மாறி நின்றது. 1985-ல் டிரான்சிஸ்டர் வால்வாக மாறி நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குணம் சர்க்யூட்டில் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை என்பது தெளிவு.

மாறத்தான் வேண்டுமென்றால்

இவ்வளவு சொன்ன பிறகும் வால்வை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒலியைக் கொஞ்சம் அழகுபடுத்திக் கேட்பது குற்றமில்லை. காசு எங்கே போகிறது என்று தெரிந்து செய்தால் போதும்.

முதலில் ஸ்பீக்கர். 1938-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 300பி வால்வை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒற்றை வால்வாக அது கொடுப்பது சுமார் 8 வாட். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கொடுக்கும் வழக்கமான சிறு ஸ்பீக்கரில் 8 வாட் போட்டால் 96 டெசிபலோடு கதை முடிந்தது. 97 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கரில் அதே 8 வாட் 106-ஐத் தொடும். முன்னதில் இந்தச் சத்தத்துக்கு 80 வாட் வேண்டியிருக்கும். நம்மூர் மைக் செட்காரர்களுக்கு இது பழைய பாடம். வால்வு ஆம்ப்ளிஃபயரின் முப்பது, நாற்பது வாட்டை வைத்துக்கொண்டு திருவிழாப் பாட்டை அடுத்த ஊர்வரை அனுப்பியது, வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டும் குழாய் ஸ்பீக்கரின் தயவில்தான். சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஈ.எல்.34, கே.டி.88 போன்ற வால்வுகளை ஜோடியாகப் போட்ட ஆம்ப்ளிஃபயரைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, வீட்டு மின்சாரம். சீனாவிலிருந்து வரும் பல ஆம்ப்ளிஃபயர்கள் 220 வோல்ட்டுக்குக் கட்டியவை. உங்கள் வீட்டில் 240 வந்தால் உள்ளே எல்லாமே 9 சதவீதம் கூடும். 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 போகும், பிளேட் வோல்ட்டும் அதே விகிதத்தில் ஏறும். வால்வின் ஆயுள் அங்கே கரைகிறது. வாங்கும்போதே 230, 240 வோல்ட்டுக்கான இணைப்பு (டேப்) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுங்கள்.

மூன்றாவது, பழக்கத்தை மாற்ற வேண்டிய ஒரு விஷயம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு எமன் ஷார்ட். வால்வுக்கு நேர்மாறு, ஸ்பீக்கர் வயர் கழன்று கிடப்பதுதான் ஆபத்து. சுமை இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பறக்கும், காயில் போய்விடும். ஸ்பீக்கரை மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்களில் 400 வோல்ட் காத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். கிரிட்டின் நெகட்டிவ் வோல்ட்டை, அதாவது பயாஸை, அட்ஜஸ்ட் செய்ய வெளியே திருகு இல்லாத பெட்டியைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

செலவும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஈ.எல்.34 போட்ட ஆம்ப்ளிஃபயர் பாடினாலும் பாடாவிட்டாலும் 150 வாட் போல இழுக்கும். அதில் ஹீட்டர்களுக்கு மட்டுமே 38 வாட். தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 45 யூனிட். அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். சித்திரை வெயிலில் சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. பவர் வால்வுகளை இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும், சின்ன வால்வுகள் நீண்ட நாள் உழைக்கும். இன்று உலகத்துக்கு வால்வு போடும் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஒன்று, ரஷ்யாவின் சரதோவ் நகரில் ஒன்று, சீனாவில் சில, அமெரிக்காவில் 300பி செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். 2022 மார்ச்சில் ரஷ்யச் சரக்கு நிற்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் எங்கும் விலை ஏறியது இதனால்தான். வால்வு மாற்றி வால்வு மாற்றிச் சுவை பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆரோக்கியமான இரண்டு வால்வுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம், மேலே பார்த்த மூன்று ஓமின் முன்னால் தூசு. அந்தப் பணத்தில் கச்சேரி டிக்கெட் வாங்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று வரும் சின்னப் பெட்டிகளில் ஸ்பீக்கரை ஓட்டுவது ஒரு சிப். முன்னால் நிற்கும் குட்டி வால்வுகள் சொற்ப வோல்ட்டில் ஒப்புக்கு வேலை செய்கின்றன. சிலவற்றில் வால்வின் அடியில் ஆரஞ்சு எல்.ஈ.டி. வைத்துக் கணகணவென்று எரிவதுபோல் காட்டுகிறார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை, மூன்று ஓமும் இல்லை. இதில் வால்வு ஒலியைத் தேடுவது வீண்.

லட்சத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ 2.2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். இப்போதிருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒரு வயரை வெட்டி நடுவில் ஒன்றைச் சேருங்கள். ரெசிஸ்டர் சூடாகும், துணியும் பிளாஸ்டிக்கும் படாமல் வையுங்கள். குறைந்த சத்தத்தை வால்யூமைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டு, வழக்கமான அளவில் ஒரு வாரம் கேளுங்கள். குரல் முன்னால் வந்து, அடித்தொனி கொழுத்து, அது உங்களுக்குப் பிடித்தும் போனால் வால்வு உங்களுக்கானது, தாராளமாக மாறுங்கள். பிடிக்கவில்லை என்றாலோ, ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றாலோ அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.